அந்தக் கேள்விக்கு வருகிறேன்

என் கணவர் பயிலரங்கில் நிற்கத் தொடங்கி அன்றோடு பத்தொன்பது நாட்கள். கடிதம் வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்தது.

பல்கலைக்கழகத்தின் பல்துறை அறிவியல் ஆய்வு நடுவத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். 'தங்கள் கணவர் திரு. மாசிலாமணி, பயிலரங்கின் முதல் நாள் கேள்வி கேட்டு நின்றவர், இன்றுவரை அமரவில்லை. இன்று மாலை நான்கு மணியோடு இருப்புச் சரிபார்ப்பு முடிகிறது. அதற்குள் அமராதவர்கள் நடுவத்தின் தளவாடங்களாகப் பதியப்பட்டு, எண் எழுதப்படுவார்கள். எழுதிய எண்ணை அழிக்க இயலாது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

அது மூன்று நாள் பயிலரங்கு. அவர் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். பதவி உயர்வுக்கு ஒரு சான்றிதழ் குறைந்தது. பையில் இரண்டு சட்டைகளை வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

நான்காம் நாள் அவர் திரும்பி வரவில்லை. நான் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாளும் கவனிக்கவில்லை. அவர் வீட்டில் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் கேட்கும் சத்தம் ஒன்றுதான். ஃபிரிட்ஜின் சத்தம்.

எட்டாம் நாள் இருவருக்கு அரைத்த இட்லி மாவு தீராமல் பொங்கி மூடியைத் தள்ளியது. அப்போதுதான் வீட்டில் ஒருவர் குறைகிறார் என்று தெரிந்தது. போன் செய்தேன். எடுக்கவில்லை. பயிலரங்கை நீட்டித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபடியே மேலும் பதினொரு நாட்கள் போயின.

நான் பால் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இதுவரை தவறாகச் சொன்னதில்லை. கடிதத்தோடு நடுவத்துக்கு பஸ்ஸில் போகும்போது இதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை.

நடுவத்தின் வாசலில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் 'முனைவர் ரெங்கமன்னார், ஒருங்கிணைப்பாளர்' என்று பலகை இருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"பங்கேற்பாளரா, பொருளா?"

"மனைவி சார்."

"அந்தக் கட்டம் இல்ல மேடம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பங்கேற்பாளர்."

படிவத்தைக் கொடுத்தார். 'துறை' என்ற இடத்தில் பால் என்று எழுதினேன். 'பால்' என்ற இடத்தில் பெண் என்று எழுதினேன்.

"பால் ரெண்டு எடத்துல வருது. ஒண்ணுதான் இருக்கணும்," என்று ஒன்றை அடித்தார். எதை அடித்தார் என்று நான் பார்க்கவில்லை. அவசரத்தில் இருந்தேன்.

"லெட்டர் வந்துச்சு. என் வீட்டுக்காரர் நின்னுட்டிருக்காராம்."

"ஆமா. மூணாவது அரங்கு, ஏழாவது வரிசை. நல்ல மனுஷன். தொந்தரவே இல்ல." இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஏன் மேடம் இவ்ளோ லேட்டு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் யோசித்து வைத்திருந்தேன். கையிலிருந்த கடிதத்தை இன்னொரு முறை மடித்தேன். அவர் பை ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் ஒரு பேனாவும் இரண்டே பக்கம் உள்ள நோட்டும் கழுத்தில் மாட்டும் பங்கேற்பாளர் அட்டையும் இருந்தன.

மூன்றாம் அரங்கில் பன்னிரண்டு வரிசைகள். நூற்றுக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் யாரும் பேசவில்லை. அதற்காகக் குறிப்பெடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை.

என் கணவர் ஏழாம் வரிசையின் ஓரத்தில் நின்றார். நீலச் சட்டை. கையில் மைக். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கண்கள் அகன்றன. வாய் திறக்கவில்லை.

"என்னங்க, உக்காருங்க," என்றேன்.

உட்காரவில்லை. தோளைப் பிடித்து அழுத்தினேன். முழங்கால்கள் மடங்கவில்லை. கீல் இல்லாத கதவைத் தள்ளுவது போல் இருந்தது. வரிசையில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ரெங்கமன்னார் பின்னாலேயே வந்திருந்தார். "அழுத்தாதீங்க மேடம். கேள்வி கேட்டவர் பதில் வந்தாத்தான் உக்கார முடியும். பதில் வர்ற வரைக்கும் பேசவும் கூடாது. ஒருத்தருக்கு ஒரு கேள்விதான்."

"பதிலைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"பேராசிரியர் அமலோற்பவம்தான் சொல்லணும். 'அருமையான கேள்வி, அந்தக் கேள்விக்கு வர்றேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. வந்துட்டிருக்காங்க."

"எங்க?"

"நடைக்கூடத்துல."

"என்ன கேள்வின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படி மேடம் தெரியும்? அந்தப் பயிலரங்குல இருந்தவங்க மூணாம் நாளே சான்றிதழ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப உக்காந்திருக்கறவங்க ஆறாவது பயிலரங்கு."

முன் வரிசையில் ஒருவர் வெள்ளை பெயின்ட் டப்பாவோடு குனிந்திருந்தார். எழுத்து வெட்டிய தகடு ஒன்றை நாற்காலியின் முதுகில் வைத்துப் பூசினார். அடுத்த நாற்காலிக்குப் போனார். வரிசை முடிந்ததும் டப்பாவின் விளிம்பில் பிரஷ்ஷை மூன்று முறை தட்டினார். அவர் பெயர் சவரிமுத்து என்று ரெங்கமன்னார் சொன்னார். நடுவத்தில் உள்ள எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்துதான்.

"நாற்காலிக்கு மட்டுமா?" என்று கேட்டேன்.

ரெங்கமன்னார் மேடையைக் காட்டினார். அங்கே ஒரு போடியம் இருந்தது. நல்ல உயரம். முதுகில் நூற்றுப்பதினேழு என்று எழுதியிருந்தது. "பொருளாதாரம் நடத்திட்டிருந்தவர். தர்மபுரிப் பக்கம். ரெண்டு வருஷமா நம்மகிட்ட இருக்கார். நம்பர் போட்ட அன்னைக்கே வலியெல்லாம் போயிடுச்சுன்னார்."

போடியம் தொண்டையைச் செருமியது.

சவரிமுத்து இரண்டாம் வரிசைக்கு வந்தார். மணி பன்னிரண்டரை.

நான் நடைக்கூடத்துக்கு ஓடினேன்.

வாசலில் ஒரு பலகை இருந்தது. 'இந்த நடைக்கூடத்தின் நீளம் உரையின் விரிவைப் பொறுத்தது.' இருபது அடிதான் நடந்திருப்பேன். திரும்பிப் பார்த்தேன். அரங்கின் கதவு ஒரு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. இரண்டு பக்கமும் பூட்டிய ஆய்வகங்கள். இயற்பியல், விலங்கியல், மறுபடி இயற்பியல். மேலும் நடந்தேன்.

எதிரே ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயது இருக்கும். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை. நிதானமாக, கதவைப் பார்த்தபடியே நடந்தார்.

"பேராசிரியர் நீங்கதானே?"

"ஆமாம்மா. நிக்காத. கூட நடந்துட்டே பேசு. நின்னா கதவு இன்னும் தள்ளிப் போயிடுது."

அவரோடு திரும்பி நடந்தேன். "என் வீட்டுக்காரர் அங்க நின்னுட்டிருக்கார்."

"தெரியும். நீலச் சட்டை. அருமையான கேள்வி. அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன். பத்தொன்பது நாளா."

"என்ன கேள்வி மேடம் அது?"

அவர் செருப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அவர் கேட்டப்ப நான் அடுத்த ஷீட்டைத் தேடிட்டிருந்தேன்மா. காதுல விழல."

"காதுல விழாமலேயே அருமையான கேள்வின்னு சொன்னீங்களா?"

"எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான் சொல்லுவோம்."

தூரத்தில் பிரஷ் மூன்று முறை தட்டியது. இரண்டாம் வரிசை முடிந்துவிட்டது.

வேகமாக நடந்தோம். கதவு தீப்பெட்டி அளவிலேயே இருந்தது. ஓடினோம். அப்போதும் அதே அளவு. அவருக்கு மூச்சு வாங்கியது. துணிப்பை சரிந்து அதிலிருந்து, விளக்கில் வைத்துத் திரையில் காட்டும் கண்ணாடித் தாள் ஒன்று நழுவி விழுந்தது. கதவு சோப்புப் பெட்டி அளவு ஆனது.

அவர் குனிந்து தாளை எடுத்தார். கதவு மறுபடி தீப்பெட்டி ஆனது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பையில என்ன இருக்கு மேடம்?"

"என் உரை. தொண்ணூத்து நாலு ஷீட்டு."

"கீழ போடுங்க."

"என்னது?"

"எல்லாத்தையும் கீழ போடுங்க. பலகையில எழுதியிருக்கே, பார்க்கலியா? உரை சின்னதானா கதவு கிட்ட வருது."

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷம்மா. இங்க விடுதிக்குப் பின்னால ஒரு குளம் இருக்கு. இருபத்தாறு மழைக்காலம் அது கரையில உக்காந்து தவளை கத்துறதைப் பதிவு பண்ணியிருக்கேன். இயற்பியல்காரங்க இது உயிரியல்னாங்க. உயிரியல்காரங்க இது இயற்பியல்னாங்க. இந்த நடுவம் வந்த பிறகுதான் ஒரு மேடை கெடைச்சுது. ஒரே ஒரு தடவை முழுசாப் பேசணும்னு வந்தேன்."

"அவரை ஏழாவது வரிசையில நாற்காலியோட நாற்காலியா எழுதப்போறாங்க மேடம்."

"தெரியும்மா."

"அப்புறம் அழிக்க முடியாது."

பிரஷ் தட்டியது. மூன்றாம் வரிசை.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை. அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு பையின் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்றேன். சும்மா கீழ போட மாட்டேன். ஒவ்வொண்ணா வாசிச்சிட்டுத்தான் போடுவேன். நீ கேக்கணும். கேக்கற மாதிரி தலையாட்டக் கூடாது. நெசமாக் கேக்கணும்."

"கேக்கறேன்."

முதல் தாளை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "குளத்தின் நீளம் நாற்பது மீட்டர். அகலம் முப்பது. ஆழம் தெரியவில்லை." கீழே போட்டார். கதவு சோப்புப் பெட்டி அளவு ஆனது.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நடந்தபடியே வாசித்தார். மழைக்கு ஒரு மணி நேரம் முன்னால் எத்தனை குரல்கள். மழை நின்றபின் எத்தனை. எந்தத் தவளை முதலில் தொடங்குகிறது. அது ஏன் எப்போதும் அதே தவளையாக இருக்கிறது. அவர் வேகமாக வாசித்தார். ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. நானும் ஒன்றையும் விடாமல் கேட்டேன். நடுவில் ஒரே ஒரு தாளில் மட்டும் கவனம் தவறியது. அந்தத் தாள் விழுந்தும் கதவு நகரவில்லை. அவர் அதைக் குனிந்து எடுத்து மறுபடி வாசித்தார்.

கதவு ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்தது. நான்காம் வரிசை முடிந்தது.

நாற்பதாவது தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இது வெத்துத் தாள் மேடம். போடுங்க."

"வெத்து இல்லம்மா. அந்த வருஷம் எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. குளத்துப் பக்கமே போகல." அதை வெளிச்சத்தில் பிடித்து மற்றத் தாள்களைவிட அதிக நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். அவசரப்படுத்த மனம் வரவில்லை. அவர் அதைக் கீழே போட்டபோது கதவு ஒரே பாய்ச்சலில் ஜன்னல் அளவு ஆனது.

ஐந்தாம் வரிசை முடிந்தது.

அறுபத்தோராவது தாளை அவர் எடுத்தார். "கூட்டத்திலிருந்து ஒரு தவளை விலகினால், மற்றத் தவளைகள் நான்கு நிமிடம் வரை அதைக் கவனிப்பதில்லை."

நான் நின்றுவிட்டேன். கதவு சிறுத்தது.

"நடம்மா!"

"அதை இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தார். "இதுதான் என் உரையிலேயே முக்கியமான தாள். நாலு நிமிஷம். ரொம்ப நேரம்னு எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க."

எட்டு நாள் என்று நான் சொல்லவில்லை. தவளைகள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

"போடுங்க மேடம்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். போட்டார்.

அதன்பின் தாள்கள் மளமளவென்று விழுந்தன. எழுபது. எண்பது. அவர் குரல் கம்மியது. எனக்குக் காது வலித்தது. ஆறாம் வரிசைக்கான தட்டல் பக்கத்து அறையில் கேட்பது போல் கேட்டது. கதவு அதன் உண்மையான அளவில் எங்கள் முன் நின்றது. கைப்பிடியைத் திருகினேன். திறக்கவில்லை.

அவர் கையில் இன்னும் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றை வாசித்துப் போட்டார். கதவு திறந்துகொண்டது. கடைசித் தாளில் 'நன்றி' என்று மட்டும் இருந்தது.

"இதைப் போட மாட்டேன்," என்றார்.

"வேணாம் மேடம். வாங்க."

சவரிமுத்து ஏழாம் வரிசையில் இருந்தார். என் கணவரின் சட்டைக் காலரை மடித்துவிட்டு, முதுகில் தகட்டை வைத்திருந்தார். நடுவத்தின் பெயரை 'ப.அ.ஆ.ந.' என்று எழுதி முடித்திருந்தார். பெயின்ட் இன்னும் ஈரமாக மின்னியது.

"நம்பர் எத்தனை சார்?" என்று கேட்டார்.

ரெங்கமன்னார் மேடையில் பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். "இருநூத்துப் பதினாலு."

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

பேராசிரியர் மேடை ஏறினார். போடியத்தின் மேல் கை வைத்தார். "வந்துட்டேன்," என்றார். "உங்க கேள்வியைச் சொல்லுங்க சார்."

என் கணவர் வாயைத் திறந்தார்.

"கூடாது," என்றார் ரெங்கமன்னார். "அவர் கேட்டாச்சு. ஒருத்தருக்கு ஒரு கேள்விதான். மறுபடி கேட்டா ரெண்டாவது கேள்வி ஆயிடும்."

"எழுதி வச்சிருப்பீங்களே?"

ரெங்கமன்னார் பக்கங்களைப் புரட்டி வாசித்தார். "'முதல் நாள், பிற்பகல். ஒருவர் கேள்வி கேட்டார். அருமையான கேள்வி.' அவ்வளவுதான் இருக்கு."

சவரிமுத்து பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தார். "சார், பெயின்ட் ஏடு கட்டுது. எழுதவா, வேணாமா?"

"எழுதுங்க."

"நான் இன்னும் எதுவும் கேக்கல," என்றேன்.

ரெங்கமன்னார் என் அட்டையைப் பார்த்தார். "ஆமா. பங்கேற்பாளர். உங்களுக்கு ஒண்ணு இருக்கு. கேள்வியா, கருத்தா?"

"கேள்வி."

"அவர் கேட்ட அதே கேள்வின்னா பதில் அவருக்கும் சேரும். வேற கேள்வின்னா உங்களோட போயிடும். யோசிச்சுக் கேளுங்க."

அரங்கில் பேனாக்கள் நின்றன. என் கணவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். விரல்கள் அதைப் பிடித்த வடிவத்திலேயே நின்றன. பதினேழு வருடம் இவரோடு வாழ்ந்திருக்கிறேன். இவர் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்தேன். வீட்டில் என்ன கேட்பார்? குடை எங்கே என்று கேட்பார். கரன்ட் போனால் நம் வீட்டில் மட்டுமா என்று கேட்பார். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு அவரைத் தெரியவில்லை என்பது தெரிந்தது. தகட்டின் மேல் பிரஷ் போகும் சத்தம் கேட்டது. சவரிமுத்து 'இரண்டு' எழுதிவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்க முடியும் என்று பட்டது.

"மேடம்," என்றேன். "விலகிப் போன தவளை. மத்தத் தவளைங்க தன்னைக் கவனிக்கலன்னு அதுக்குத் தெரியுமா?"

பேராசிரியர் 'அருமையான கேள்வி' என்று சொல்லவில்லை. நன்றித் தாளைப் போடியத்தின் மேல் வைத்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "இருபத்தாறு வருஷமும் மைக்கைக் கூட்டத்துப் பக்கம்தான் வச்சிருந்தேன். போன தவளை பக்கம் ஒரு நாளும் திருப்பல."

ரெங்கமன்னார் எழுதினார். "பதில் வந்தாச்சு. 'தெரியாது.'" பேனாவை மூடினார். "திரு. மாசிலாமணி, உங்க கேள்வியும் இதுதானா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் வேண்டிக்கொண்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனுக்கும் இரக்கம் காட்டியதில்லை.

தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அரங்கு முழுவதும் அதைக் குறித்துக்கொண்டது. சவரிமுத்து 'ஒன்று' எழுதினார். மூன்றாவது எண்ணுக்காகத் தகட்டை நகர்த்தினார்.

"என் கேள்வி அது இல்ல," என்றார் என் கணவர். பத்தொன்பது நாள் பேசாத குரல் துருப்பிடித்த தாழ்ப்பாள் போல இருந்தது. "ஆனா அந்தப் பதிலை நான் வாங்கிக்கறேன். எனக்கு அது போதும்."

"அப்படி மாத்திக்க விதி இருக்கா?" என்றார் ரெங்கமன்னார் தனக்குத்தானே. பதிவேட்டின் பின்பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தையும் எச்சில் தொட்டுப் புரட்டினார். சவரிமுத்து தகட்டைச் சரியாகப் பொருத்தினார். "விதி ஒண்ணும் காணோமே. இருக்குன்னும் இல்ல. இல்லன்னும் இல்ல. சபையில யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

போடியம் தொண்டையைச் செருமியது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல," என்றது போடியம். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. "உக்காரட்டும் விடுங்க. நான் பார்த்துட்டுத்தான இருக்கேன்."

சவரிமுத்து பிரஷ்ஷை எடுத்துவிட்டார். "உக்கார்ற ஆளுக்கு நான் எழுத மாட்டேன். எழுத்து ஈஷிக்கும்."

என் கணவரின் முழங்கால்கள் மடங்கின. பெரிய மரம் ஒன்று முறிவதற்கு முன் கொடுக்கும் சத்தம் வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார். தொடைகளில் கைகளை வைத்து, அவை தன்னுடையவைதானா என்று பார்ப்பது போல் அழுத்திப் பார்த்தார். நான் தரையில் அவர் காலருகே உட்கார்ந்தேன். அழுதேன். அதையும் யாரோ குறித்துக்கொண்டார்கள்.

"இருபத்தொண்ணுன்னு நிக்குதே," என்றார் சவரிமுத்து.

ரெங்கமன்னார் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "இருபத்தொண்ணு ஏற்கெனவே ஒரு பீரோ. இவர்கிட்ட இருக்கறது செல்லாது. விட்டுடுங்க."

பேராசிரியர் நன்றித் தாளைத் தூக்கிக் காட்டினார். "நன்றி. வேற கேள்விகள் இருக்கா?"

நூற்றுச் சொச்சம் பேரும் இரண்டு கைகளையும் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது நடைக்கூடம் நான்கே எட்டு வைக்கும் நீளம்தான் இருந்தது. பேராசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டார். தாள்களைப் பொறுக்க அவர் குனியவில்லை.

"நீ நல்லாக் கேக்கறம்மா," என்றார். "கேள்வியைச் சொல்லல. காது குடுத்ததைச் சொல்றேன்." பிறகு விடுதிக் குளத்துப் பக்கம் நடந்தார். மேகம் கட்டியிருந்தது. அவர் நடை சற்று வேகமாக இருந்தது.

என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்று நாட்கள் பங்கேற்றார் என்று இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் சொல்ல வேண்டியதை பஸ் நிறுத்தத்தில் சொன்னேன்.

"எட்டு நாள் நான் கவனிக்கல. அப்புறம் தெரிஞ்சும் வரல."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோதை, அங்க நிக்கறப்போ எனக்கும் மூணு நாள் கழிச்சுத்தான் வீடு ஞாபகம் வந்துச்சு," என்றார்.

ஐந்து மணி பஸ் வந்தது. ஏறினோம். நல்ல கூட்டம். பின்பக்கம் ஒரே ஓர் இருக்கை, இரண்டு பேர் உட்காருவது, காலியாக இருந்தது. அதன் மேல் யாரோ ஒரு கட்டம் போட்ட கர்ச்சீப்பை விரித்திருந்தார்கள்.

என் கணவர் சட்டென்று நின்றார். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க?"

"நான் கேட்டது இதைத்தான்."

"எதை?"

"அன்னைக்கு லேட்டாப் போனேன். பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. ஏழாவது வரிசையில ஒரு நாற்காலிதான் காலி. அது மேல இதே மாதிரி ஒரு கர்ச்சீப். பக்கத்துல இருந்தவர்கிட்டத்தான் கேட்டேன். 'சார், இங்க ஆள் வருதா?' அதுக்குள்ள யாரோ என் கையில மைக்கைக் குடுத்துட்டாங்க. மேடையிலேர்ந்து அந்தம்மா அருமையான கேள்வின்னுட்டாங்க."

நான் கர்ச்சீப்பைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பஸ் கிளம்பியது. கர்ச்சீப்பின் ஒரு மூலை காற்றில் எழுந்து மடங்கியது. அந்த இருக்கைக்கு முன்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

கண்டக்டர் வந்தார். "ஏம்மா, சீட்டு காலியாத்தானே கெடக்கு. ரெண்டு பேரும் உக்கார்றதுதானே?"

"பரவால்ல, நிக்கறோம்," என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஊர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இருக்கைக்கு யாரும் வரவில்லை. வளைவுகளில் பஸ் சாய்ந்தபோது அவர் என் மேல் சாய்ந்தார். அவர் முழங்கால் நன்றாக மடங்கியது. அதை நான் ஒவ்வொரு வளைவிலும் கவனித்துக்கொண்டே வந்தேன்.